இரண்டு அறை போதும்

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, சமாதானம் பேசி வைத்திருக்கிறேன். நீயும் என் பேத்தி வாலும் சுகம்தானே? கப்பலில் இருந்து மாப்பிள்ளை பேசினாரா?

முதலில் மானம் போன கதை. உன் மாமா வாயால் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் தேதி நீ இங்கே ஆஸ்பத்திரி லேபில் சேர வேண்டும், அதற்குள் வீடு பிடித்துத் தருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பி வந்தேன் அல்லவா? முதல் வீட்டிலேயே வீட்டுக்காரம்மாவைக் குளிப்பாட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்ற டீச்சர். கசங்காத உடை, மூக்குக்கண்ணாடி, கையில் சாவிக்கொத்து. ஹாலைக் காட்டினார், பார்த்தேன். ஜன்னலைக் காட்டினார், பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் பிளம்பராக இருந்தவனுக்கு ஹாலும் ஜன்னலும் எதற்கு? நேரே சமையலறைக் குழாயிடம் போனேன். திருகினால் லேசாக ஆடியது. வாஷர் தேய்ந்திருக்கும் என்று பாக்கெட்டில் இருந்த ஸ்பேனரை எடுத்து ஒரு திருப்புத் திருப்பினேன். முதலில் வால்வை மூட வேண்டும் என்று எந்த முட்டாளுக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. குழாயின் தலை கழன்று கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நேரே டீச்சர் மேல்.

"வீடு பார்க்க வந்தீங்களா, என்னைக் குளிப்பாட்ட வந்தீங்களா?" என்றார். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது.

"பிரஷர் நல்லா இருக்குங்க," என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கு அதுதான் வந்தது.

வால்வைத் தேடிப் பிடித்து மூடி, புது வாஷர் வாங்கிவந்து போட்டு, தரையையும் துடைத்துக் கொடுத்தேன். வீடு தரமாட்டேன் என்றுவிட்டார். நியாயம்தான்.

இதை ஃபோனில் சொல்லக்கூடாதா என்பாய். கடைசியாக நாம் ஃபோனில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது நிமிஷம் நீ கத்தினாய், மூன்றாவது நிமிஷம் நான் வைத்தேன். உன் அம்மா போட்ட சட்டம்தான் சரி: "நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கங்க. எழுதும்போது குரல் ஏறாது." அவள் போய் ஒரு வருஷம் ஆகியும் சட்டம் அமலில் இருக்கிறது.

உன் மாமா வீட்டில்தான் தங்கல். பஸ் டிப்போவில் டயர் பிரிவு அல்லவா, அவன் சமைத்த குழம்பிலும் லேசாக ரப்பர் வாசனை. இனி வீடு பார்க்கப் போகும்போது ஸ்பேனரை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். வாலுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதைத் தாத்தாவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அடம். தபாலில் பல் அனுப்பக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் போன வாரம் பேசினார். அடுத்த துறைமுகம் வர இன்னும் பதினெட்டு நாளாம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, அல்லது பேச்சுவார்த்தை மட்டும்தானா?

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில், எதிரே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை அப்பா. பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். முதல் மாடிக்கு மேல் வேண்டாம். இரண்டு அறை போதும், நானும் வாலும்தானே. குழாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. (நீங்கள் முறைப்பது இங்கே தெரிகிறது.)

இன்னொன்று. அம்மா போனதிலிருந்து ஊரில் அந்த வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். எப்போது கேட்டாலும் "ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறீர்கள். உண்மையிலேயே பழகிவிட்டதா அப்பா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

நலம். தைலம் தடவுகிறேன், மாமா வீட்டில் இப்போது ரப்பரும் தைலமும் கலந்த புது வாசனை. பல் போன வாலுக்கு என் வாழ்த்து. தாத்தாவுக்கு நாலு போயிருக்கிறது, போட்டியில் இன்னும் நான்தான் முன்னால் என்று சொல்.

இந்த நகரத்துக்கு நடுவும் இல்லாத, ஓரமும் இல்லாத ஒரு வளையம் இருக்கிறது. சட்டையில் இரண்டாவது பட்டன் மாதிரி. யாரும் கவனிப்பதில்லை, அது இல்லாவிட்டால்தான் தெரியும். பதினாலாம் நம்பர் பஸ் அந்த வளையத்தைச் சுற்றி வருகிறது. காலையில் ஏறி, கை காட்டின இடத்தில் இறங்கி, சாயங்காலம் வரை நடக்கிறேன். வீடு பார்க்க வந்தவன் ஊர் பார்க்கிறவன் ஆகிவிட்டேன்.

ஒரு தெரு முழுக்க அச்சகம். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகி, மெஷினை நிறுத்தின பிறகும் அந்தத் தெருக்காரர்கள் கத்தித்தான் பேசுகிறார்கள். டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் மணி கேட்டார், எதிர்ச் சாரியில் இருந்தவன் பதில் சொன்னான். நமக்கு ஏற்ற இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கால்வாய். அதன் ஓரத்து வீடுகளுக்கு எல்லாம் வாசலில் நாலு படி. ஏன் நாலு படி என்று கேட்டால், "காத்தோட்டத்துக்கு" என்றார் ஒரு வீட்டுக்காரர். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட். காற்று அந்த உயரம் வரைக்கும்தான் வந்து போகும் போலிருக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ரயில் பணிமனைக்குப் பின்னால் வரிசை வீடுகள். அங்கே ஒரு கண்ணாடிக் கடை, ஆளுயரக் கண்ணாடிகளை நடைபாதையில் சாய்த்து வைத்திருக்கிறான். திரும்பினேன். பன்னிரண்டு கிழவர்கள் ஒரே மாதிரி காலை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தருக்கும் கூட ஆள் இல்லை.

இதுவரை ஒன்பது வீடு. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்ப்பேன். முள் நகர்ந்தால் சுவருக்குள் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஐந்து வீட்டில் நகர்ந்தது. வீடு வேண்டாம் என்றாலும் சொட்டுகிற குழாயை அப்படியே விட்டுவர மனசு வரவில்லை. வாஷர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். ஸ்பேனர் விஷயம் நீ நினைப்பது சரி, மாமாவிடம் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு வீடு மனசுக்குப் பிடித்தது. மூன்று அறை. மூன்றாவது சின்னது, ஒரு கட்டிலும் நாற்காலியும் போடலாம், ஜன்னல் தெருவைப் பார்க்கும். வாடகைதான் உன் கைக்கு அடங்காது. போகட்டும்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். உடம்பு பத்திரம்.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 12

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். சௌக்கியமா? என் எழுத்து உருண்டு போனால் கோபித்துக்கொள்ளாதே, நாள் முழுக்க டயரைப் பார்க்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. உன் அப்பாவோடு நானும் வீடு பார்க்கப் போனேன். நாலு வீடு. அவர் குழாயைத் திறந்து பார்ப்பது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு அறை வீடு என்றால் உள்ளேயே வருவதில்லை. "தண்ணி சரியில்லாத ஏரியாடா" என்று தெருவிலிருந்தே திரும்புகிறார். மூன்று அறை என்றால் நேரே அந்தச் சின்ன அறைக்குப் போகிறார். சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளக்கிறார். ஒரு கட்டில் நீளம்.

"யாருக்கு அத்தான் அளக்கறீங்க?" என்றேன்.

"துணி காயப்போடத்தான்."

"ரூமுக்குள்ளயா?"

"மழைக்காலம்னு ஒண்ணு வராதாடா மடையா?"

அக்கா போன சமயத்தில், வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "நான் யார் வீட்லயும் போய் உக்கார மாட்டேன், எனக்கு என் வீடு போதும்" என்று மேஜையைத் தட்டினார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேச்சை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் மனுஷன் ஊரெல்லாம் அறை அளந்துகொண்டிருக்கிறார். நீயாகக் கூப்பிட்டால்தான் உண்டு. ஜூனில் வீடு இல்லாமல் பெட்டியோடு வந்து நிற்கப் போகிறாய், அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. என்னை வீட்டிலிருந்து துரத்திவிடுவார், வீடு என்னுடையது என்பதையும் மறந்து.

உன் மாமா

ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் காலும் மாமாவின் மூக்கும் நலம்தானே?

ஜூனுக்கு ஆறே வாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாலுக்கு இடம் கிடைத்துவிட்டது. உங்கள் அச்சகத் தெருவுக்குப் பக்கத்தில்தான். இனி வீடு ஒன்றுதான் பாக்கி. மூன்று அறையாகப் பார்க்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவாயில்லை, சமாளித்துக்கொள்வேன்.

வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கிழவரைத் தெரியும். சம்பளம் வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒரு பேப்பர். சாயங்காலம் வாலைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் வீம்பு பிடித்தவர் என்று கேள்வி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறீர்களா? கப்பலுக்கும் செய்தி சொல்லியாகிவிட்டது. "நல்ல ஆளாச்சே, விட்டுடாதே" என்று அங்கிருந்து பதில்.

சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மகள்

மே 4

அன்பு மகளுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன், பேனா சரியில்லை.

நீ சொன்ன வாட்ச்மேனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் கெட்ட ஆள். உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். அவன் விடும் குறட்டைக்குத் திருடனே வந்து தட்டி எழுப்பி, "ஐயா, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். டீயும் நாலோடு நிற்காது. வேலைக்கு ஆகமாட்டான், நீ வேறு ஆள் பார்.

நல்ல செய்தி. வீடு கிடைத்துவிட்டது. அச்சகத் தெருவுக்கு அடுத்த தெரு, முதல் மாடி, இரண்டு அறை, நீ கேட்டபடியே. ஜன்னலில் நின்றால் பள்ளிக்கூட மணி கேட்கிறது. தெருமுனையில் பதினாலாம் நம்பர் நிற்கும். கீழே ஒரு தையற்காரம்மா, நாள் பூராவும் மிஷின் ஓடும் சத்தம், பேச்சுத்துணை மாதிரி. மீட்டர் முள்ளைப் பத்து நிமிஷம் பார்த்தேன், அசையவில்லை. அதே இடத்தில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று அறை வீடு உனக்கு எதற்கு? பெருக்கித் துடைக்கவே ஒரு ஆள் வேண்டும். வாலுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா

மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வீடு அமைந்ததில் சந்தோஷம். முப்பதாம் தேதி காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமாவுக்கும் சொல்லுங்கள்.

வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்க்கிறேன். கீழ் வீட்டு அம்மாவிடமே கேட்டால் வாலைக் கூட்டிவர யாராவது கிடைப்பார்கள்.

"தாத்தா எந்த ரூம்ல படுப்பாரு?" என்று வால் கேட்கிறாள். தாத்தாவையே கேள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்

மே 24

அன்பு மகளுக்கு,

நலம். உன் கடிதம் இந்தத் தடவை ரொம்பச் சின்னது. வேலை அதிகமோ?

பெட்டி படுக்கை பிரித்து அடுக்கும் வரை பத்து நாள் உங்களோடு இருப்பேன். ஹாலில் படுத்துக்கொள்வேன் என்று வாலிடம் சொல்.

வீட்டில் எல்லாக் குழாய்க்கும் புது வாஷர் போட்டுவிட்டேன். ஃப்ளஷ் தொட்டி நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்தது, மிதவையைச் சரி செய்தேன். கீழே தையற்காரம்மா வீட்டுக்குள்தான் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வால்வு. துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஒரு மத்தியானம் பூராவும் கெஞ்சி அசைத்தேன்.

பஸ்ஸில் யார் வந்தார்கள் தெரியுமா? நான் குளிப்பாட்டிய டீச்சர். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினேன். விடவில்லை. "பாத்ரூம் குழாயும் ஒழுகுது. வரீங்களா? இந்தத் தடவை நான் குடை பிடிச்சுக்கறேன்." போய் மாற்றிக் கொடுத்தேன். நிஜமாகவே குடையோடு நின்றார். இப்போது இந்தப் பக்கத்தில் நாலைந்து தெருவில் என்னைத் தெரியும். "குழாய்க்காரரே, ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுகிறார்கள். இத்தனை வயசுக்கு மேல் ஒரு ஊரில் புதுசாகப் பட்டப்பெயர் வாங்கியிருக்கிறேன், பார்.

முப்பதாம் தேதி ஸ்டேஷனில் நிற்பேன். வாலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கு.

அன்புடன்,
அப்பா

ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி மட்டும் எழுதினீர்கள். உடம்பு எப்படி இருக்கிறது? ரயிலில் மடக்கி உட்கார்ந்ததில் கால் வீங்கவில்லையே? நாங்கள் நலம். எனக்கு வேலை பிடித்திருக்கிறது. வால் இப்போதே அச்சகத் தெரு பாணியில் பேசுகிறாள், காது அடைக்கிறது.

தினமும் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். "குழாய்க்காரர் இருக்காரா?" ஊருக்குப் போய்விட்டார் என்றால், "எப்ப வருவாரு?" தையற்காரம்மா நேரிடையாகவே கேட்டுவிட்டார்: "உங்கப்பா ஏம்மா போனாரு? நீ போகச் சொன்னியா?" இல்லை என்றேன். "இருக்கச் சொன்னியா?" என்றார்.

நான் வாட்ச்மேன் என்று எழுதியிருக்கக் கூடாது. நம் வீட்டில் எதையும் கிண்டலாகச் சொல்லியே பழக்கமாகிவிட்டது. உங்களிடமிருந்து வந்ததுதான், என்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ரயில் கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். பிறகு வால்வைப் பற்றிச் சொன்னீர்கள். முப்பத்திரண்டு வருஷமாக உங்களைப் பார்க்கிறேன் அப்பா. வால்வைப் பற்றிப் பேசும்போது உங்கள் முகம் அப்படி இருக்காது.

சொல்ல வந்தது என்ன? இது விளையாட்டு இல்லை. பதிலிலும் விளையாட்டு வேண்டாம்.

உங்கள் மகள்

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

நான் நலம். கால் வீங்கியது, வடிந்துவிட்டது. வாலையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உடம்பு பத்திரம். அன்புடன், அப்பா.

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிட்டேன். கடைசியில் விட்டால், சொல்ல வேண்டியது வரும்போது அதற்குள் நுழைந்து தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விளையாட்டு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கஷ்டம்தான். பல் கட்டி வைத்திருக்கிறவனிடம் பல்லைக் கழற்றிவிட்டுப் பேசச் சொல்கிற மாதிரி. முயற்சி செய்கிறேன்.

இங்கே வீடு சுத்தமாக இருக்கிறது. ஒரு குழாயும் ஒழுகவில்லை. ஒரு ஆள் இருக்கும் வீட்டில் மீட்டர் முள் நகர்வதே தெரியாது. நேற்று மத்தியானம் போய் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ராஜா மாதிரி இருக்கிறேன் என்று சொன்னது பொய். ராஜாவுக்குக் கூட நாலு பேர் இருப்பார்கள்.

உன் வாட்ச்மேன் கடிதம் வந்த அன்றைக்கு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினாலாம் நம்பரில் ஏறி, வளையத்தை முழுசாக இரண்டு தடவை சுற்றினேன். கண்டக்டர், "எங்க இறங்கணும் பெரியவரே?" என்றார். "தெரிஞ்சா இறங்க மாட்டேனா?" என்றேன். நீ நிஜமாகக் கூப்பிடுகிறாயா, அப்பன் மனசு நோகக் கூடாது என்று கூப்பிடுகிறாயா என்று நாலு தாள் கிழியும் வரை யோசித்தேன். அத்தனை பேர் நடுவில் மேஜையைத் தட்டினவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் நிற்பது எப்படி? கேலி செய்து எழுதிப் போட்டேன். போட்டுவிட்டுத் தபால்பெட்டி பக்கத்திலேயே நின்றேன். கை உள்ளே போகுமா என்று கூடப் பார்த்தேன். போகவில்லை.

அதை எழுதுவதற்கு முன்பே, உனக்கு நல்ல வீடாக ஒன்று எடுத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று இரண்டு அறையாகவே பார்த்து முடித்திருந்தேன். நல்ல வீடுதான். அதில் குறை இல்லை.

அந்தப் பத்து நாளும் ஹாலில் படுத்திருந்தேன். காலையில் வால் என்னைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். நீ வேண்டுமென்றே என் காலைத் தட்டிவிட்டு, "இங்க ஒரு வாட்ச்மேன் படுத்திருந்தாரே" என்பாய். மறுபடியும் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை பஸ்ஸில் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பிளாட்பாரத்தில் கூட்டம். நீ என் பெட்டியை ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி, கீழே இறங்கி ஜன்னல் பக்கம் வந்தாய். "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்றாய். வால் உன் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வால்வு.

உள்ளேயே நின்றுபோனது இவ்வளவுதான்:

"பெட்டியை இறக்கும்மா. நான் போகல. உன்கூடவே இருந்துடறேன்."